திருப்பிக் கேட்கும்வரை

கை கழுவும் ஓசை. செம்புக் கெண்டியின் மூக்கிலிருந்து நீர் இறங்கி, யாருடைய விரல்களிலோ பட்டுச் சிதறி, கீழே ஏந்திய வட்டிலில் விழுகிற ஓசை. முதலில் வெற்று வட்டிலில் விழுவதால் சற்றுக் கணீரென்று, பிறகு நீர்மேல் நீர் விழுந்து மந்தமாக. முப்பது வருடங்களுக்கு முன்னால், காபூல் கோட்டையில், பெண்கள் பகுதியின் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பீபி மாபாரா அதைக் கேட்டாள். விருந்து தொடங்கப் போகிறது என்று நினைத்தாள். அடுத்து விரிப்பை உதறும் சத்தம் வர வேண்டும். ரொட்டி வர வேண்டும். சோறு குவித்த தாம்பாளத்தைத் தூக்கி வருகிறவர்களின் ‘பார்த்து, பார்த்து’ வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. கை கழுவினார்கள்; அதன்பின் சுவருக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லாததுபோல் ஆயிற்று. அவளுடைய கணவன் யூனுஸ் ஷா அன்று காலையில்தான் மலைக்கோட்டையிலிருந்து இறங்கி வந்திருந்தான். அண்ணன் ஜக்கரியா குர்ஆன்மீது கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான்: வா, தம்பி, நாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், உன் உயிருக்கும் மானத்துக்கும் நான் பொறுப்பு. கழுவியது யூனுஸின் கை அல்ல, ஜக்கரியாவின் கையும் அல்ல, நாவிதனுடையது என்று பிறகு தெரிந்தது. யூனுஸின் கண்ணில் ஏற்ற வேண்டிய ஊசியைத் தொடுவதற்கு முன் கழுவியிருக்கிறான். சுத்தமான ஆள். “கத்தினாரா?” என்று, லூதியானாவுக்கு வந்த புதிதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்பார்கள், கண்ணில் நீரோடு, காதைத் தீட்டிக்கொண்டு. எனக்குக் கேட்கவில்லை என்பாள். அவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். அவளிடம் இருந்தது அந்த நீரின் ஓசை மட்டும்தான், அதை யாரிடம் என்னவென்று சொல்வது.

இப்போது வருகிற ஓசை வேறு. பீங்கான் கோப்பைக்குள் கரண்டி சுற்றுகிறது. மூங்கில் திரைக்கு அந்தப் பக்கம், கூடத்தில், கம்பெனியின் அதிகாரி டிரேப்பர் சாயபு காலை மடக்கி உட்காரத் தெரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்; எதிரில் அவள் மகன் இலியாஸ், வெள்ளை அங்கி, புதுத் தலைப்பாகை. நடுவில் கிழவன் நஸீபு தேநீர்ப் பாத்திரத்தோடு. சாயபு குடித்து முடித்ததும் நஸீபு ஊற்றுகிறான். ஊற்றியதை மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று சாயபுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போதும் என்றால் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அவர் குடிக்கிறார், நஸீபு ஊற்றுகிறான், அவர் குடிக்கிறார். மாபாராவின் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாஜோ, காபூலிலிருந்து கூடவே வந்த ஹஸாராப் பணிப்பெண், திரையின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பீபி, இது வயிறா, தண்ணீர் சுமக்கிற தோல் பையா?” “மெதுவாப் பேசு.” “முகத்தைப் பாருங்க, கல்லு அடுப்பு மாதிரி சிவந்துபோச்சு. பாவம், எழுந்துபோகவும் முடியாம, உட்காரவும் முடியாம. இன்னும் ஒரு கோப்பை உள்ளே போச்சுன்னா, விரிப்பு என்ன ஆகுமோ.” “தாஜோ.” “நான் ஒண்ணும் சொல்லலை, விரிப்பைத்தான் சொன்னேன்.” மாபாராவுக்குச் சிரிப்பு வர வேண்டும். உதடு அதற்குத் தயாராகவும் செய்தது, பிறகு எதற்கு என்று மறந்து பழைய இடத்துக்குப் போய்விட்டது. குடிக்கட்டும், என்று நினைத்தாள். ஊற்று நஸீபு. அவர் குடிக்கிறவரை யாரும் எங்கும் போகப்போவதில்லை. கரண்டி சுற்றுகிறவரை இலியாஸ் இந்த வீட்டுக் கூடத்தில்தான் இருப்பான், தலைப்பாகையின் வால் தோளில் தொங்க, சின்ன வயதில் பொய் சொல்லும்போது செய்வதுபோல் காதுமடலைத் தேய்த்துக்கொண்டு. ஏன் தேய்க்கிறான். பொய் எதுவும் சொல்லவில்லையே. சாயபிடம் காபூலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். செருப்புக் கடைத்தெரு தாண்டி வலதுபக்கம் திரும்பினால் மாதுளை விற்கிற சந்து, அதன் கோடியில் ஒரு வெந்நீர்க் குளிப்பிடம், அதன் வாசலில் எப்போதும் ஒரு ஒட்டகம் படுத்திருக்கும். சாயபு தலையாட்டுகிறார். அவன் காபூலைப் பார்த்ததே இல்லை. இந்த ஊரில் பிறந்தவன். அவனுக்குத் தெரிந்த காபூல் கண்ணில்லாத தகப்பன் மாலை நேரங்களில் விரலால் காற்றில் கோடு போட்டுச் சொல்லித்தந்தது. அந்த ஒட்டகம் செத்து எத்தனை காலமோ.

சாயபு எதற்கு வந்திருக்கிறார் என்பது போன வாரமே வீட்டுக்குத் தெரியும். காபூலை ஆளும் ஜக்கரியா கிழவனாகிவிட்டான், கிழவனானதும் ருஷ்யாக்காரனோடு சிநேகம் பிடித்திருக்கிறான். கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. லூதியானாவில் ஓர் அரசகுமாரன் இருப்பது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. இலியாஸைப் படையோடு அழைத்துப்போய், காபூலில் உட்கார வைத்து, அவன் பெயரில் நாணயம் அடித்து, வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவன் பெயரை வாசிக்க வைப்பார்களாம். இலியாஸ் சரி என்றுவிட்டான். ஒன்றே ஒன்று கேட்டான்: என் தாய் ‘போ’ என்று சொன்னால்தான் நான் குதிரை ஏறுவேன். அதைக் கேட்டு வாங்கத்தான் சாயபு இந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார். மாபாராவுக்கு அது விசித்திரமாக இருந்தது. இதுவரை யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. கல்யாணத்தின்போது கேட்டார்கள், அதற்கும் அவளுக்குப் பதிலாக ஓர் அத்தை முனகினாள். யூனுஸ் மலையிலிருந்து இறங்கும்போது கேட்கவில்லை. அவனைக் கண் கட்டிக் கழுதைமேல் ஏற்றிக் கணவாய் வழியாக அனுப்பியபோதும், பின்னால் நீயும் போகிறாயா என்று கேட்கவில்லை, போ என்றார்கள், போனாள். பாறைகள், பனி, பிறகு பனியில்லாத பாறைகள், பிறகு இந்தச் சமவெளி, இதன் தூசி, இதன் மாமரங்கள், இந்த வீடு. எல்லாமே யாரோ நகர்த்தி வைத்ததில் அவள் நின்ற இடங்கள். இப்போது திடீரென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவளுடைய வாயைப் பார்க்கிறார்கள். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், கிள்ளினால் வேறு யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருக்கும். அப்படித்தான் அவளுக்கு உள்ளே முழுக்க இருந்தது. அங்கே கிள்ளிப் பார்த்தாள். என் ஒரே பிள்ளை, என்றாள் தனக்குள். அவனைக் கொன்றுவிடுவார்கள். அவன் கண்ணை எடுப்பார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அம்மியில் போட்ட மிளகுபோல் ஏதாவது ஒன்று நசுங்கிக் கார வாசம் வர வேண்டாமா. தெருவில் ஒருவன் கத்தரிக்காய் விற்றுக்கொண்டு போனான். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

சாயபு இன்னொன்றும் சொல்லியனுப்பியிருந்தார், அதுதான் அவளை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. கொல்லைப் புறத்தில், எலுமிச்சை மரத்துக்கு அப்பால், யூனுஸ் ஷா மரப்பெட்டியில் கிடக்கிறான். அடக்கம் என்று அதைச் சொல்லக்கூடாது. அமானத். நம்பி ஒப்படைத்தது, திருப்பிக் கேட்கும்வரை வைத்திருக்க வேண்டியது. அந்நிய மண்ணில் இறந்தவனைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். முல்லா குழியின் விளிம்பில் மண்டியிட்டு, மண்ணைப் பார்த்து, ஓர் ஆளோடு பேசுவதுபோல் சொன்னார்: பூமியே, இவர் உன்னுடையவர் இல்லை, உன்னிடம் அமானத்தாகத் தருகிறோம், வந்து கேட்கும்போது கொடுத்துவிடு, அதுவரை இவரைத் தொடாதே. மண்ணும் தொடாது என்று நம்பிக்கை. தொட்டதா தொடவில்லையா என்று யார் பார்த்தார்கள். ஐந்து மழைக்காலம் போய்விட்டது. முதல் மழையில் மாபாரா விழித்துக் கிடந்தாள், நனைவானே என்று. இரண்டாம் மழையிலிருந்து தூங்கிவிட்டாள். யூனுஸ் உயிரோடு இருந்தபோது அவளிடம் எதையும் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொன்னதில்லை, கண்ணை எடுத்தவர்களைத் திட்டியதில்லை. அண்ணன் என்னைக் கொன்றிருந்தால் கொலைகாரன் ஆகியிருப்பான், இப்போது அரசன்தான், என்று ஒருநாள், நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகச் சொன்னான். கண்ணில்லாதவன் அரியணை ஏற முடியாது என்பது வழக்கம், அவ்வளவுதான், அதற்கு மேல் பகை வேண்டியதில்லை. காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பி மோந்து பார்ப்பான், வாயை லேசாகத் திறந்துகொண்டு, நாய்போல. அவள் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கடைசியில் கேட்டான். என்னை அப்பாவின் காலடியில் கொண்டுபோய் வை. வெள்ளைப் போப்ளார் மரங்கள் நிற்கிற தோட்டத்தில். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான், அவள் சரி என்றாள், அந்தச் ‘சரி’யைச் சொன்னபோது அவளுக்கு அதில் ஒரு நம்பிக்கையும் இல்லை, குழந்தைக்கு நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்பதுபோல்தான் சொன்னாள். இப்போது டிரேப்பர் சாயபு நிலாவைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருக்கிறார். ஷாஜாதா புறப்படும்போது அவர் தந்தையாரின் பெட்டியும் உடன் வரும், கம்பெனியின் ஒட்டகத்தில், பச்சைப் பட்டு போர்த்தி, சிப்பாய்கள் காவலோடு. மகன் போனால் கணவனும் போகலாம். மகன் இருந்தால் கணவனும் இங்கேயே, எலுமிச்சை வேருக்கு அடியில். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் இரண்டும் வரும்.

“மேன்மை பொருந்திய தாயாரே, தங்கள் நிழல் என்றும் குறையாதிருப்பதாக,” என்று சாயபு திரையைப் பார்த்துத் தொடங்கினார். கல்கத்தாவில் முன்ஷியிடம் படித்த பாரசீகம். மசூதி முற்றம்போல் பெரியது, சுத்தமானது, ஒருவரும் குடியிருக்காதது. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாததால் அவர் சற்று இடப்பக்கம் பார்த்துப் பேசினார். அங்கே தண்ணீர்ப் பானை இருந்தது. “பானைக்கு எவ்வளவு மரியாதை,” என்றாள் தாஜோ மூச்சுக்குள். “நல்ல மனுஷன்தான் பீபி. நம்ம ஊர் ஆளுங்க நம்மையே பானையாப் பார்ப்பாங்க.” சாயபின் குரல் நல்ல குரல். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பது மாபாராவுக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் கண்ணில்லாதவனோடு வாழ்ந்தால் குரலின் பின்னால் இருப்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. காபூலின் மக்கள் ஷாஜாதாவை எதிர்பார்த்து ரோஜா நீரோடு காத்திருக்கிறார்கள் என்றார். அதை அவர் நம்புகிறார். ஜக்கரியாவின் தளபதிகள் பாதிப் பேர் ஏற்கெனவே மனம் மாறிவிட்டார்கள் என்றார். அதையும் நம்புகிறார், சற்றுக் குறைவாக. வெயில் திரையின் மூங்கில் கீற்றுகள் வழியாக அவள் மடியில் கோடு கோடாக விழுந்தது, ஓர் ஈ ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு நடந்தது, வெளிச்சத்தில் நின்றது, இருட்டில் நின்றது. அந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வந்தது. “ஷாஜாதா இலியாஸ் எங்கள் கையில் அமானத்,” என்றார் சாயபு. “கம்பெனி சர்க்காரின் கௌரவத்தின்மேல் ஆணை.”

அமான் என்று வர வேண்டிய இடம். அவள் காது அமானுக்காகத் தன்னைத் திறந்து வைத்திருந்தது. அமான் என்றால் அடைக்கலம், உன் உயிர் என் உயிர், உன்னைத் தொட வருகிறவன் முதலில் என்னைத் தாண்ட வேண்டும். தோற்றவன் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கேட்பது அது. கொடுத்தவன் மாற முடியாது, மாறினால் அவன் குடும்பப் பெயர் நாறும். அதன் வாலில் ஒரே ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டால் அமானத். நகை, ஆடு, அண்டா, பிணம். வைத்துக்கொள், கேட்கும்போது கொடு. யார் கேட்கும்போது? அவளுக்குள் எங்கோ, வெகு தூரத்தில், கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் நடப்பதுபோல, ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. சாயபு வார்த்தை தவறிவிட்டார். புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும் இரண்டும். இல்லை, தவறவில்லை, அவருக்குத் தெரியாமல் அவருடைய நாக்கு உள்ளதைச் சொல்லிவிட்டது. ஜக்கரியா சொன்ன சத்தியத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அமான், அமான், அமான் என்று மும்முறை, ஒவ்வொன்றும் செதுக்கியது போல, அழுத்தம் சரியாக, மூச்சு சரியாக, முல்லா சொக்கிப்போனார். சரியான வார்த்தை சொன்னவன் கண்ணை எடுத்தான். தப்பான வார்த்தை சொல்கிறவன் என்ன செய்வான்? இதை வைத்து அவள் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கேட்கலாம். அந்நிய ஆணோடு அவள் நேரே பேசக்கூடாது. பணிப்பெண்ணிடம் பேசுவதுபோல் பேசினால் திரை தாண்டிக் கேட்கும், கேட்டவர் கேட்காததுபோல் இருந்து பதில் சொல்வார். “தாஜோ,” என்றாள். தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “கேட்டுச் சொல்லச் சொல்லு. அமானா, அமானத்தா?” கரண்டி நின்றது.

தாஜோ அதைத் திரும்பச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சொன்னாள், கண்டிப்பான குரலில், கடைக்காரனிடம் எடையைத் திரும்பப் போடச் சொல்வதுபோல. அந்தப் பக்கம் இலியாஸ் சங்கடமாகச் சிரித்தான். “பீபி ஜான், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்றான், தாயிடம், அதையும் ஹிந்துஸ்தானியில் சொன்னான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவனுடைய பாரசீகம் தகப்பனோடு மாலைகளில் பேசியது. யூனுஸ் அவனுக்கு ஊரின் எல்லாச் சந்துகளையும் சொல்லிக்கொடுத்தான், பழங்களின் பெயரை, காற்றுகளின் பெயரை, செத்துப்போன குதிரைகளின் பெயரை. தோற்றவர்கள் வாயில் வரும் வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சாயபு ஏதோ கேட்டார், இலியாஸ் ஏதோ சொன்னான், சாயபு சற்று யோசித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார் என்று தாஜோ சொன்னாள். பிறகு அந்த நல்ல குரல், இந்த முறை இன்னும் மென்மையாக, கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறவனின் தாராளத்தோடு சொன்னது: “இரண்டும், தாயாரே. இரண்டுமே.” மாபாரா தலையாட்டினாள், பார்க்க யாரும் இல்லாவிட்டாலும். தூரத்தில் எழுந்து உட்கார்ந்தது மறுபடி படுத்துக்கொண்டது. ஈ போய்விட்டிருந்தது. மடியில் கோடுகள் மட்டும். இரண்டும் என்றால் இரண்டுதான். அவர் இப்போதும் பொய் சொல்லவில்லை.

திரை விலகி இலியாஸ் உள்ளே வந்தான். அவன் மேல் சாயபுடைய புகையிலை வாசம் அடித்தது. அவள் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். “பீபி ஜான், அவர் காத்திருக்கார்.” “தேநீர் குடிக்கட்டும்.” “கோப்பையைக் கவிழ்த்துட்டார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பாவமா இருந்தது.” தாஜோ வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மாபாரா மகனின் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள், பழுப்பு, இடது கண்ணில் ஒரு சின்னக் கரும்புள்ளி, யூனுஸுக்கும் அதே இடத்தில் இருந்தது. “அவர் உன்னைத் திருப்பிக் கொடுத்துடுவார்,” என்றாள். “யார்கிட்ட?” “கேட்கிறவன்கிட்ட.” இலியாஸ் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான், வயதானவர்களைச் சமாதானப்படுத்துவதுபோல. “ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரலாமா? அந்த மனுஷன் புஸ்தகத்தில படிச்சவர். போன மாசம் என்னை வாழ்த்தறேன்னு சொல்லி ‘உங்கள் தாடி பழுக்கட்டும்’ன்னார்.” “உங்க பாபாவை மண்ணுல வைக்கும்போது மண்ணுகிட்ட சொன்ன வார்த்தை அது.” “அதனாலதான் பாபாவைக் கையோட கூட்டிக்கிட்டுப் போறேன்.” கூட்டிக்கொண்டு என்றான், உயிரோடு இருப்பவரைச் சொல்வதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தினான். “நான் இங்கே இருந்தா என்னவா இருப்பேன், சொல்லுங்க. புறா விட்டுக்கிட்டு இருப்பேன். இந்த ஊர்ல தெருவுக்கு ஒரு ஷாஜாதா. பால்காரன்கூட ‘என்ன ஷாஜாதா, எருமைக்கு வழி விடுங்க’ங்கறான்.” தாஜோ, “எருமைக்கு வழி விட்டதால யாரும் செத்ததில்லை ராஜா,” என்றாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், உடனே சிரிப்பு நின்றது. “பீபி ஜான், நான் வெறும் பேச்சுக்குக் கேட்கலை. வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துடறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். சத்தியமா.” காதுமடலைத் தேய்க்கவில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

அப்படியென்றால் ஒரே ஒரு சொல். அதைச் சொல்லப்போகிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். வேண்டாம். சின்னச் சொல், உதட்டைச் சேர்த்தால் போதும், அதற்குப் பிறகு மத்தியானம் வரும், வெயில் இறங்கும், இவன் மாடியில் நின்று சீட்டியடிப்பான், புறாக்கள் எலுமிச்சை மரத்துக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றி வரும், கீழே யூனுஸ். கீழே யூனுஸ் என்றதும் மழை பெய்தது. உள்ளேதான், வெளியே வெயில். மரப்பெட்டியின் மூடிமேல் நீர் கசிந்து இறங்கியது. பெட்டிக்குள் யூனுஸ் வாயை லேசாகத் திறந்துகொண்டு முகத்தை வடமேற்கே திருப்பினான். அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். இவனுக்கு வேண்டாம் என்று சொன்னால் அவனுக்குச் சொன்ன சரி என்னவாகும். உயிரோடு இருப்பவனுக்கு ஆயிரம் நாள் இருக்கிறது, நாளை இன்னொரு வழி, இன்னொரு வார்த்தை. மண்ணில் இருப்பவன் ஒருமுறைதான் கேட்டான். ஒரு தாய்க்கு இப்படியா கணக்கு ஓட வேண்டும்? அவளுக்கே அது புரிந்தது. புரிந்தும் அது யாருடைய கணக்கோபோல் இருந்தது. வேறு ஒருத்தி இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் மகனின் காலைக் கட்டிக்கொண்டிருப்பாள். அந்த வேறு ஒருத்தி வருவதற்காக மாபாரா சற்று நேரம் காத்திருந்தாள். வாசலில் சாயபுடைய குதிரை கழுத்துச் சங்கிலியை உலுக்கியது. யாரும் வரவில்லை. “போ,” என்றாள்.

அவ்வளவு சுலபமாக வந்தது. இலியாஸ் அவள் கையை முத்தமிட்டான், இரண்டு கண்களிலும் மாறி மாறி ஒற்றிக்கொண்டான். தாஜோ எழுந்து போய்ப் பட்டுத்துணியில் சுற்றிய குர்ஆனைக் கொண்டுவந்தாள், வழிப்பயணம் போகிறவனை அதன் கீழாகக் கடக்க வைக்க. முகத்தில் இப்போது கேலி இல்லை, உதடுகள் இறுகியிருந்தன. “நல்லா யோசிச்சீங்களா பீபி?” என்று ஹஸாராக் கொச்சையில் வேகமாகக் கேட்டாள், இலியாஸுக்குப் புரியாதபடி. மாபாரா எழ முயன்றாள், கால் மரத்திருந்தது, தாஜோ தோளைக் கொடுத்தாள். வாசற்படியில் இருவரும் இரு பக்கம் நின்று குர்ஆனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். இலியாஸ் உயரமானவன், நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. குனிந்து ஒருமுறை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான், வழக்கப்படி. கடைசி முறை நிமிர்ந்தபோது தலைப்பாகை இடித்துச் சற்றுச் சாய்ந்தது. அவன் அதைச் சரி செய்துகொண்டே முற்றத்தில் இறங்கினான், திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் பார்க்கவில்லை. தாஜோ அவன் போன தடத்தில் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள், நீர்போல் போய் நீர்போல் திரும்பி வரட்டும் என்று. தூசி அதை உடனே குடித்துவிட்டது. சாயபு வாசலில் நின்று, திரை இருந்த பக்கம் நோக்கித் தொப்பியைக் கழற்றினார். மாபாராவின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. “இறக்குங்க பீபி,” என்றாள் தாஜோ. “போயாச்சு.”

அன்று பிற்பகல் எலுமிச்சை மரத்துக்கு அப்பால் குழியைத் திறந்து, பெட்டியைப் படையோடு சேர்க்க எடுத்துப்போனார்கள். மாபாரா பார்க்கப் போகவில்லை. படை பெஷாவர்வரை போயிற்று, அங்கே கோடையும் குளிர்காலமும் தங்கியது. வசந்தத்தில் ஜக்கரியா ருஷ்யாக்காரனை அனுப்பிவிட்டுக் கம்பெனியோடு சமாதானம் செய்துகொண்டான். அவன் கேட்டவற்றில் ஒன்று தம்பியின் பெட்டி. எல்லைவரை ஆள் அனுப்பிப் பெற்றுக்கொண்டு, போப்ளார் தோட்டத்தில், தகப்பனின் காலடியில், பீரங்கி முழங்க அடக்கம் செய்தான், குழிக்குள் தானே இறங்கினான் என்றும் சொன்னார்கள். கேட்டவற்றில் இன்னொன்று இலியாஸ். அவனைக் கொடுக்க டிரேப்பர் சாயபு மறுத்துவிட்டார். அதற்காக மேலிடத்தில் சண்டை போட்டார், வேலையும் போயிற்று. காபூலுக்கும் இல்லாமல், லூதியானாவுக்கும் இல்லாமல், கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஏற்றி இலியாஸைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். தாய்க்கு எழுத அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. மௌல்மீனில், ஆற்றைப் பார்த்த ஒரு மரவீட்டில் அவன் நெடுங்காலம் இருந்தான், தலை நரைத்தான், அந்த ஊர் மொழியைச் சரளமாகப் பேசினான், ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தான்.